பெற்றோர் கட்டிய வீட்டை விற்கத் தயார் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் அப்பா 1983-இல் கட்டிய வீட்டை நாங்கள் நான்கு பிள்ளைகளும் சேர்ந்து விற்றோம். விற்கலாம் என்று பேசிய நாளிலிருந்து பத்திரம் முடிய பதினோரு மாதம் ஆனது. அதில் ஏழு மாதத்தைக் காகிதங்கள் தின்றுவிட்டன. அதற்குப் பிறகு சொந்தத்தில் யார் வீடு விற்றாலும் எனக்கு ஒரு போன் வருகிறது. இரண்டு மூன்று வீடுகளுக்குக் கூடவே அலைந்தும் இருக்கிறேன். அப்படிக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டில் பெற்றோர் காலத்துத் தனி வீட்டை விற்பவர்களுக்காக எழுதியது இது. நான் வக்கீல் இல்லை. உங்கள் பத்திரங்களை ஒரு வக்கீலிடம் கட்டாயம் காட்டிவிடுங்கள்.

விற்பது என்று முடிவாகிவிட்டது. முதலில் பெயிண்டரைக் கூப்பிடுவதா, புரோக்கரைக் கூப்பிடுவதா?

இரண்டு பேரும் காத்திருக்கட்டும். முதலில் பீரோவைத் திறங்கள். உங்கள் கிரையப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், பட்டா, கட்டட அனுமதி வரைபடம், சொத்து வரி ரசீது, தண்ணீர் வரி ரசீது, மின் கட்டண அட்டை எல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்புங்கள். முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று, அதாவது வீட்டின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் தெரியும் சான்று, போட்டு எடுங்கள். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம்.

இன்றைக்கு வீடு வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வங்கிக் கடனில்தான் வாங்குகிறார்கள். வீடு அவர்களுக்குப் பிடித்திருந்தாலும் வங்கியின் வக்கீலுக்குக் காகிதம் பிடிக்க வேண்டும். அட்வான்ஸ் வாங்கிய பிறகு ஒரு காகிதத்தில் சிக்கல் வந்து பேரம் நின்றுபோனால், நஷ்டம் அந்த ஒரு ஆளோடு போகாது. "அந்த வீட்டில் ஏதோ வில்லங்கமாம்" என்று தெருவில் பேச்சு கிளம்பிவிடும். அடுத்து வருகிறவர் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார், விலையையும் அதற்குத் தகுந்தாற்போல் கேட்பார்.

வீடு அப்பா பெயரில் இருக்கிறது. அவர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். யார் யார் கையெழுத்துப் போட வேண்டும்?

அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து, குடும்பம் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது என்றால், அம்மா, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அப்பாவைப் பெற்ற பாட்டி, எல்லோருக்கும் சம பங்கு உண்டு. கல்யாணமாகிப் போன மகளுக்கும் அதே பங்குதான். பிள்ளைகளில் ஒருவர் அப்பாவுக்கு முன்பே இறந்திருந்தால் அவருடைய குடும்பத்துக்கு அந்தப் பங்கு போகும். கிறித்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் சட்டம் வேறு. அதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இறப்புச் சான்றிதழும் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். எழுத்துகளைக் கவனியுங்கள். எங்கள் அக்காவின் பெயர் வாரிசுச் சான்றில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருந்தது. அதைச் சரிசெய்யவே ஒரு மாதம் போனது. வாரிசுகளில் மைனர் யாராவது இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம். அதற்கு மாதக் கணக்கில் ஆகும் என்பதால் அந்த விசாரிப்பைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் முடிக்க வேண்டும்.

தங்கை "எனக்கு ஒன்றும் வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறாள். அப்படியும் அவள் கையெழுத்து வேண்டுமா?

வேண்டும். வாய்வார்த்தையால் பங்கு போய்விடாது. தங்கை தன் பங்கை விட்டுக்கொடுக்க விடுதலைப் பத்திரம் பதிவு செய்யலாம். குடும்பத்துக்குள் செய்யும் விடுதலைக்கு 2023 ஜூலையிலிருந்து முத்திரைத்தீர்வைக்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய்.

ஆனால் வீட்டை எப்படியும் விற்கத்தான் போகிறீர்கள் என்றால், எல்லோரும் விற்பவர்களாகக் கிரையப் பத்திரத்திலேயே கையெழுத்துப் போட்டு, அவரவர் பங்கை அவரவர் கணக்கில் வாங்கிக்கொள்வதுதான் நேர்வழி. தங்கைகள் "வேண்டாம்" என்று சொல்வதில் பாதி, கேட்டால் அண்ணன் முகம் மாறிவிடுமோ என்ற பயம். அவள் பங்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டு, பிறகு அவளை முடிவெடுக்க விடுங்கள். எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னபோது அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார். வர முடியாது என்கிறார்.

தனக்குப் பதிலாக இங்கே ஒருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை, இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பச் சொல்லலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும். பத்திரப் பதிவின்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றையும் கேட்பார்கள். இன்னொன்று: வெளிநாட்டில் வசிப்பவரின் பங்குக்கு, வாங்குகிறவர் பிடிக்க வேண்டிய வரி மிக அதிகம். அதைக் குறைக்க வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்கலாம். இதைப் பேரம் பேசுவதற்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் ஒன்று தெரிகிறது. கடனை எப்போதோ கட்டி முடித்தாயிற்று.

எங்களை நான்கு மாதம் அலைய வைத்தது இதுதான். வீடு கட்ட அப்பா ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கியிருந்தார். 1997-இல் கடைசித் தவணை கட்டி, பத்திரத்தைத் திரும்ப வாங்கி வந்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அது எனக்கே நினைவிருக்கிறது. ஆனால் கடன் தீர்ந்த ரசீதைப் பதிவு செய்யவில்லை. அதனால் சார்பதிவாளர் அலுவலகத்துப் புத்தகத்தைப் பொறுத்தவரை வீடு இன்னும் அடமானத்தில்தான் இருந்தது.

நாங்கள் தேடிப் போனபோது சங்கம் வேறு கட்டடத்துக்கு மாறியிருந்தது. பழைய பேரேடுகள் மூட்டையாகக் கட்டிக் கிடந்தன. அப்பா பத்திரப்படுத்தி வைத்திருந்த தவணை ரசீதுகள் மட்டும் இல்லையென்றால் இன்னும் அலைந்துகொண்டிருப்போம். பழைய ரசீதுகளைக் குப்பை என்று எடைக்குப் போடாதீர்கள். கடன் கொடுத்த இடத்திலிருந்து ஆள் வந்து ரசீது ஆவணத்தைப் பதிவு செய்து கொடுத்த பிறகுதான் வில்லங்கம் தீரும். ஒரு கடிதத்தில் "கடன் பாக்கி இல்லை" என்று எழுதி வாங்கி வந்தால் பல வங்கி வக்கீல்கள் ஏற்க மாட்டார்கள்.

பத்திரத்தில் ஒரு அளவு, பட்டாவில் ஒரு அளவு இருக்கிறதே?

பழைய வீடுகளில் இது சகஜம். பத்திரம் சதுர அடியில் இருக்கும். பட்டாவுக்கு அடிப்படையான நகர நில அளவைப் பதிவேடு சதுர மீட்டரில் இருக்கும். ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. பத்திரத்தில் ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி என்று இருந்து, பதிவேட்டில் 216 சதுர மீட்டர் என்று இருந்தால், அது 2,325 சதுர அடிதான் வரும். வாங்குகிறவர் இந்தக் கணக்கைப் போடாமல் இருக்க மாட்டார். 75 சதுர அடிக்குக் காசு தர மாட்டேன் என்பார்.

எனவே சர்வேயரை வைத்து நீங்களே முதலில் அளந்துவிடுங்கள். காம்பவுண்ட் சுவர் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டிருக்கலாம், பக்கத்து வீட்டுப் படி உங்கள் இடத்தில் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் கையில் சரியான அளவு இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். பட்டா இன்னும் தாத்தா பெயரிலோ, இடத்தை விற்றவர் பெயரிலோ இருந்தால் பெயர் மாற்றத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.

மாடி போர்ஷனை அனுமதி வாங்காமல் கட்டிவிட்டோம்.

மறைக்காதீர்கள். கீழ்த்தளத்துக்கு வரைபடம் இருக்கிறது, மாடிக்கு இல்லை என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் வரைபடத்தோடு வந்து ஒப்பிட்டுப் பார்ப்பார். அனுமதி இல்லாத பகுதிக்குக் கடன் தராமல் போகலாம். அப்போது வாங்குகிறவர் கைப்பணம் கூடுதலாகப் போட வேண்டி வரும். அவருக்கு அது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டியது நியாயம்தானே.

ஒரிஜினல் பத்திரம் தொலைந்துவிட்டது.

உடனே போலீசில் புகார் கொடுங்கள். பத்திரிகையில் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காவல்துறைச் சான்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல், இந்த மூன்றும் கேட்கப்படும். அதற்கு முன், பீரோவின் புடவை அடுக்கில் ஒரு தடவை தேடிப் பாருங்கள். அம்மாக்கள் அங்கேதான் வைப்பார்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். எந்த ரிப்பேரைச் செய்வது, எதை விடுவது?

தண்ணீர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் செய்யுங்கள். அழகு சம்பந்தப்பட்ட பெரிய செலவுகளை விட்டுவிடுங்கள்.

சொட்டும் குழாய், நிற்காமல் ஓடும் ஃபிளஷ் டேங்க், அடைத்துக்கொண்ட சிங்க், மோட்டார் போட்டால் ஏறாத தண்ணீர் எல்லாம் சில ஆயிரங்களில் முடியும் வேலைகள். ஆனால் பார்க்க வருகிறவர் குழாயைத் திறந்து பார்க்காமல் போகவே மாட்டார். சம்ப்பையும் மேல்தொட்டியையும் கழுவி வையுங்கள். போர் எத்தனை அடி, மோட்டார் எத்தனை ஹெச்பி, சித்திரையில் தண்ணீர் எப்படி வரும் என்பதற்குப் பதில் தயாராக இருக்கட்டும். எங்கள் பக்கத்தில் வீட்டைப் பார்க்க வருகிறவர்களின் முதல் கேள்வி "தண்ணி எப்படிங்க?" என்பதுதான். ஹாலின் அழகெல்லாம் அப்புறம்.

கிச்சனை இடித்து மாடுலராக மாற்றுவது, மொசைக் தரையைப் பெயர்த்து டைல்ஸ் போடுவது, இதெல்லாம் போட்ட காசைத் திருப்பித் தராது. வாங்குகிறவர் தன் ரசனைக்கு மறுபடி இடிப்பார். பழைய மொசைக்கைப் பாலிஷ் மட்டும் போட்டுப் பாருங்கள். நாற்பது வருடத் தரை, சிவப்பும் கறுப்புமாகச் சில்லுகள் தெளிந்து மேலே வந்ததைப் பார்த்தபோது, இத்தனை நாள் இதன் மேல் பாயை விரித்துப் படுத்துக் கிடந்தோமே என்று இருந்தது எங்களுக்கு. தேக்கு நிலைக்கதவுக்கும் அப்படித்தான். பழைய பெயிண்டைச் சுரண்டி வார்னிஷ் அடித்தால் போதும். கரையான் இருக்கிறதா என்று மட்டும் நிலையின் அடியில் தட்டிப் பாருங்கள்.

வயரிங் பழசு என்றால் முழுவதும் மாற்ற வேண்டாம். ஒரு நல்ல எலக்ட்ரீஷியனை வைத்து, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கசிவு மின்சாரத்தில் தானாக அணையும் டிரிப்பர் ஒன்று மாட்டிவிடுங்கள். யார் குடியிருந்தாலும் அது உயிர் காக்கும்.

மேல்கூரையில் கசிவுக் கறை இருக்கிறது. அதன் மேல் பெயிண்ட் அடித்துவிட்டால் என்ன?

செய்யவே செய்யாதீர்கள். எளிதில் கண்ணுக்குத் தெரியாத முக்கியமான குறையை விற்பவர் வாங்குபவருக்குச் சொல்லியாக வேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்திலேயே இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், வாழ்நாள் சேமிப்பைப் போட்டு ஒருவர் வாங்குகிறார். முதல் மழையில் அவர் குழந்தை படுக்கும் அறையில் சொட்டினால் அந்த வயிற்றெரிச்சல் யாருக்கு?

அந்தக் காலத்து மாடிகளில் கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். பெரும்பாலும் ஓட்டின் இணைப்புகளில் விரிசல் விட்டிருக்கும், அல்லது கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் மூலையில் பிளவு இருக்கும். எங்கள் வீட்டில் இரண்டும் இல்லை. தென்மேற்கு மூலையில் மழைநீர் இறங்கும் குழாய் வாயில் வேப்பிலை அடைத்து, தண்ணீர் நாள் கணக்கில் தேங்கியிருக்கிறது. அவ்வளவுதான். இலையை வாரிவிட்டு, இணைப்புகளைப் பூசி, ஒரு மழை பார்த்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பட்டி வைத்தோம். ஈரத்தோடு பட்டி வைத்தால் உப்புப் பூத்துக்கொண்டு மறுபடி உரியும். வாங்கியவரிடம் கறை இருந்த போட்டோவையும் காட்டினோம். அவர் விலையைக் குறைக்கவில்லை. அதற்குப் பிறகு எங்களிடம் வேறு எதையும் துருவிக் கேட்கவும் இல்லை.

பெயிண்ட் எவ்வளவுக்கு அடிக்கலாம்?

உள்ளே வெள்ளை அல்லது சந்தன நிறத்தில் ஒரு கோட், வெளியே கேட்டும் முன்பக்கச் சுவரும். போதும். அடர் பச்சை, ஊதா இருந்தால் கட்டாயம் மாற்றுங்கள், அறை சின்னதாகத் தெரியும். வீடு இடிக்கத்தான் விலைபோகும், அதாவது மனைக்காகத்தான் வாங்குவார்கள் என்று தெரிந்தால் பெயிண்டுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

வீடு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே போனாலே ஒரு நாற்றம்.

பாத்ரூமில் தண்ணீர் போகும் வாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருக்கும். சாக்கடை வாயு மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வீட்டைப் பூட்டினால் அது வற்றிவிடும். ஒவ்வொரு வாயிலும் இரண்டு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். மேலே ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது. அப்புறம் ஆட்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியை ஓட விடுங்கள். ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே எல்லாம் வேண்டாம். எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றும்.

அம்மாவின் சாமான்களை என்ன செய்வது?

இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியாது. பரணில் ஏறினால் தெரியும். எங்கள் பரணில் எட்டுப் பித்தளை அண்டா, சீமந்தத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டுகள், ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் வெட்டியது, ஒரு பழைய சாக்கில் சுற்றிய தொட்டில் கம்பு. அக்கா அந்தக் கம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு வேறு வேலை நடக்கவில்லை, நடக்க வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை.

எல்லோரும் ஒரே நாளில் கூடி, அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் தனியாகப் போய்க் காலி செய்தால் மனஸ்தாபம் வரும். ஒரு குத்துவிளக்குக்காகப் பேச்சு நின்றுபோன குடும்பத்தை எனக்குத் தெரியும். ஆட்டுக்கல்லும் அம்மியும் யாருக்கும் வேண்டாம் என்றால் வாங்குகிறவரைக் கேளுங்கள், பல பேர் ஆசையாக வைத்துக்கொள்கிறார்கள். பூஜை அறைப் படங்களைக் கடைசி வரை இறக்க வேண்டாம். மற்ற அறைகள் காலியாக இருக்கட்டும்.

குடித்தனக்காரர் இருக்கும்போதே விற்கலாமா?

சட்டப்படி விற்கலாம். வாங்குபவர் வீட்டுக்காரர் ஆகிவிடுவார், குடித்தனக்காரர் அப்படியே தொடர்வார். ஆனால் சொந்தமாகக் குடியேற வாங்குகிறவர்கள் காலி வீட்டைத்தான் கேட்பார்கள். விற்கப் போவதை முதலில் குடித்தனக்காரரிடம் சொல்லுங்கள். அவருக்கு வேறு வீடு தேட நேரம் கொடுங்கள், அட்வான்ஸ் பணத்தை முழுதாகத் தயாராக வையுங்கள். அவருக்கே வாங்கும் எண்ணம் இருக்கலாம், அதையும் கேட்டுப் பாருங்கள்.

விலையை எப்படி முடிவு செய்வது?

பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்தில் பாருங்கள், ஆனால் அது சந்தை விலை ஆகாது. அதே தெருவில் கடந்த ஒரு வருடத்தில் என்ன விலைக்கு முடிந்தது என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள். பழைய வீட்டில் விலை பெரும்பாலும் மனைக்குத்தான். அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டியதற்கு விலைப்பட்டியலில் இடம் கிடையாது, அதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆகும்.

வாங்குகிறவருக்குப் பதிவுச் செலவே முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 9 சதவீதம் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். அவர் பையிலிருந்து போகும் மொத்தப் பணம் நீங்கள் சொல்லும் விலையைவிட எப்போதும் பெரியது.

புரோக்கர் வேண்டுமா?

உள்ளூர் ஆளாக ஒருவர் போதும். கமிஷன் எவ்வளவு, யார் தருவது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். பத்திர நகலைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்காதீர்கள். உண்மையாக வாங்க வருகிறவருக்கு மட்டும் கொடுங்கள்.

வாஸ்துவில் குறை என்று சொல்லி விலையைக் குறைக்கிறார்கள்.

அவர் நம்பிக்கையோடு வாதாடி ஜெயிக்க முடியாது. அதற்காகச் சுவரை இடிக்கவும் வேண்டாம். அடுத்தவர் வருவார்.

அட்வான்ஸை ரொக்கமாக வாங்கலாமா? பாதிப் பணத்தைக் கறுப்பில் தருகிறேன் என்கிறாரே?

வேண்டாம். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, அட்வான்ஸும் இதில் சேரும். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழலாம். அட்வான்ஸ் வாங்கும்போது ஒப்பந்தம் எழுதுங்கள்: மொத்த விலை, எத்தனை மாதத்தில் கிரையம், அதற்குள் முடியாவிட்டால் அட்வான்ஸ் என்ன ஆகும், கிணற்று மோட்டாரும் சமையலறை அலமாரிகளும் வீட்டோடு சேர்த்தியா, எல்லாம் அதில் இருக்கட்டும்.

வரி எவ்வளவு போகும்?

பெற்றோர் வைத்திருந்த காலமும் உங்கள் கணக்கில் சேரும் என்பதால் இது நீண்டகால லாபமாகவே வரும். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்து என்றால், இந்தியாவில் வசிப்பவருக்கு இரண்டு வழி: லாபத்தில் 12.5 சதவீதம், அல்லது பணவீக்கச் சரிக்கட்டலுக்குப் பின், அதாவது அடக்க விலையை விலைவாசி உயர்வுக்கு ஏற்ப ஏற்றிக் கணக்கிட்ட பின், 20 சதவீதம். எது குறைவோ அது. 2001 ஏப்ரலுக்கு முந்தைய வீட்டுக்கு, 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு வாரிசும் தன் பங்குக்குத் தனித்தனியே கணக்குப் போட வேண்டும்.

லாபத்தைப் போட்டு இன்னொரு வீடு வாங்கினால் வரி குறையும்: விற்பதற்கு ஒரு வருடம் முன்போ, விற்ற இரண்டு வருடத்துக்குள்ளோ வாங்கலாம்; கட்டுவதென்றால் மூன்று வருடம். இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட அரசு நிறுவனப் பத்திரங்களில் 50 லட்சம் வரை போடலாம், ஐந்து வருடம் எடுக்க முடியாது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குகிறவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டுவார். விற்பவர்களில் யாருடைய பான் அட்டையாவது ஆதாருடன் இணைக்கப்படாமல் செயலிழந்து கிடந்தால் அந்த 1 சதவீதம் 20 ஆகிவிடும். எங்கள் அம்மாவின் பான் அப்படித்தான் கிடந்தது. நல்லவேளை, ஆடிட்டர் முன்கூட்டியே பார்த்துச் சொன்னார்.

சாவி கொடுக்கும் நாளில் என்னென்ன செய்ய வேண்டும்?

அந்த அரையாண்டு வரை சொத்து வரியையும் தண்ணீர் வரியையும் கட்டி ரசீதைக் கொடுங்கள். மின் மீட்டரைப் போட்டோ எடுத்து, அன்று வரைக்கான கட்டணத்தைத் தீர்த்துவிடுங்கள். கொடுக்கும் பத்திரங்கள் எல்லாவற்றையும் வரிசையாகப் பட்டியல் எழுதி, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்குங்கள். உங்களுக்கென்று ஒரு முழு நகல் வைத்துக்கொள்ளுங்கள், வரிக் கணக்குக்குத் தேவைப்படும்.

இன்னொரு தாளில் வீட்டைப் பற்றி எழுதிக் கொடுங்கள். செப்டிக் டேங்க் மூடி எந்தக் கல்லுக்கு அடியில் இருக்கிறது, மேல்தொட்டி வால்வு எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எந்த மரம் எப்போது காய்க்கும், பால்காரர் எத்தனை மணிக்கு வருவார். நாங்கள் எழுதிய தாள் இரண்டு பக்கம் வந்தது. கடைசி வரியை அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன்: மாதுளைக்கு அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றவும்.